யானைக்கும் கமராவுக்கும் இடையே

எமது நாட்டில் காட்டு யானையைப் பார்ப்பதற்குக் காட்டுக்குள் போக வேண்டிய அவசியமில்லை. பொத்துவிலில் இருந்து சியம்பலாண்டுவ நோக்கிச் செல்லும் பஸ்ஸில் ஜன்னலோரமாக அமர்ந்தால் லகுகல குளத்துப் புல்லில் யானைகள் மேய்வதைக் காணலாம். ஹபரண வீதியிலும், உடவளவக் குளக்கட்டிலும், புத்தலவிலிருந்து கதிர்காமம் செல்லும் பாதையிலும் அவை வீதியோரத்திலேயே நிற்கின்றன. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் வயலோரக் குடும்பங்கள் இரவில் உறங்குவதே குறைவு.

2011ஆம் ஆண்டு நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. இவ்வளவு சிறிய தீவில் இத்தனை யானைகள் இருப்பது அல்லாஹ் எமக்குத் தந்த ஓர் அருட்கொடை எனலாம். ஆனால் அண்மைய ஆண்டுகளில் ஒவ்வொரு வருடமும் யானைகளால் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும், மனிதர்களாலும் பிற காரணங்களாலும் முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகளும் உயிரிழக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை வயலிலும் வீட்டு வளவிலும் நிகழ்பவை. அவற்றைத் தடுப்பது எம் போன்ற மாணவிகளின் கையில் இல்லை. ஆயினும் ஒரு வகை ஆபத்து முழுக்க முழுக்க எமது கையிலேயே இருக்கிறது. அது நாம் கையில் பிடித்திருக்கும் தொலைபேசியால் வருவது.

நான் கல்லூரியின் ஊடகக் கழகத்தில் படம் எடுப்பவள். பெரிய விலங்குகளைக் கிட்ட நின்று எடுத்ததைப் போலத் தோன்றும் படங்களை எட்ட நின்றே எடுப்பது எப்படி என்பதையும், அந்தத் தூரம் ஏன் தேவை என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றேன்.

தொலைபேசி சொல்லும் பொய்

முதலில் ஒரு கணக்கு. சாதாரண தரத்தில் விகிதசமன் படித்த எவருக்கும் இது விளங்கும்.

படத்தில் ஒரு பொருள் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று வில்லையின் குவியத் தூரம். மற்றையது பொருளுக்கும் எமக்கும் இடையிலான தூரம். குவியத் தூரம் கூடினால் உருவம் பெரிதாகும். பொருள் தூரப் போனால் உருவம் சிறிதாகும். குவியத் தூரத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் வரும் விடை சமமாக இருந்தால் இரண்டு படங்களிலும் யானை ஒரே அளவில் தெரியும்.

வனவிலங்குகளைப் படம் எடுப்பவர்கள் பொதுவாகப் பயன்படுத்துவது 400 மில்லிமீற்றர் வில்லை. 2.7 மீற்றர் உயரமான ஓர் ஆண் யானை 50 மீற்றர் தூரத்தில் நின்றால் இந்த வில்லை படத்தின் உயரத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். எமது தொலைபேசிகளின் பிரதான வில்லையோ அதே அளவுகோலில் ஏறத்தாழ 26 மில்லிமீற்றர்தான். அப்படியானால் அதே அளவு படத்தைத் தொலைபேசியால் எடுக்க எவ்வளவு கிட்டப் போக வேண்டும்? 400ஐ 50ஆல் வகுத்தால் 8. 26ஐ 8ஆல் வகுத்தால் 3.25.

அதாவது மூன்றேகால் மீற்றர். யானை தும்பிக்கையை நீட்டி ஓரடி வைத்தால் தொடக்கூடிய தூரம்.

இதனால்தான் தொலைபேசி ஆபத்தானது. 30 மீற்றர் தூரத்தில் நிற்கும் யானை தொலைபேசித் திரையில் உயரத்தின் பத்தில் ஒரு பங்காகவே தெரியும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த யானை திரையில் பூனைக்குட்டி போல ஆகிவிடும். "சின்னதா விழுது, இன்னும் கொஞ்சம் கிட்டப் போவம்" என்று கால் தானாக முன்னே நகரும். திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்குத் தன் கண்ணின் கணிப்பு மறந்துபோகும். யானை தூரத்தில் நிற்பதாகத் திரை சொல்வதையே மனம் நம்பிவிடுகிறது.

ஏழு விநாடிகள்

ஆசிய யானை மணிக்குச் சுமார் 25 கிலோமீற்றர் வேகத்தில் விரையக்கூடியது. விநாடிக்கு ஏறத்தாழ 7 மீற்றர். எங்கள் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றரை 15 விநாடியில் ஓடி முடிக்கும் மாணவியின் வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அவர் ஓடுவது சமதரையில், விளையாட்டுச் சப்பாத்துடன். கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தில், செருப்புடனும் அபாயாவுடனும் யாரும் அந்த வேகத்தை எட்ட முடியாது. யானைக்கோ கல்லும் முள்ளும் ஒரு பொருட்டல்ல.

எனவே 50 மீற்றர் என்பது ஏழு விநாடிகள். இயங்கத் தயாராக இருக்கும் ஜீப் ஒன்றுக்கு, முன்னே வழியும் இருந்தால், ஏழு விநாடிகள் போதும். வெட்டவெளியில் கால்நடையாக நிற்பவருக்கு அது போதாது. மூன்றேகால் மீற்றர் என்றால் அரை விநாடிகூட இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் முதலாவது விதி இதுதான்: நிலத்தில் நின்றுகொண்டு காட்டு யானையைப் படம் எடுப்பதில்லை. வாகனத்துக்குள் இருந்து, அல்லது உறுதியான கட்டடம் ஒன்றிலிருந்து மாத்திரமே எடுக்க வேண்டும்.

50 மீற்றரை எப்படி அளப்பது? கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விரலின் மேல் மூட்டிலிருந்து நுனி வரையான பகுதி யானையின் உயரத்தை முழுவதும் மறைத்தால் அது ஏறத்தாழ 50 மீற்றரிலோ அதற்கு அப்பாலோ நிற்கிறது. விரலுக்கு மேலே முதுகு தெரிந்தால் கிட்ட வந்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் பார்வையாளர்கள் கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து 91 மீற்றரும் காட்டெருமையிலிருந்து 23 மீற்றரும் விலகி நிற்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். எங்கள் யானை அந்தக் காட்டெருமையை விடப் பல மடங்கு பெரியது.

யானை பேசும் மொழி

யானை திடீரென்று பாய்ந்ததாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது பாய்வதற்கு முன்னர் பெரும்பாலும் பல தடவை சொல்லியிருக்கும். படம் எடுப்பவர் வில்லையைப் படிப்பதற்கு முன்னர் விலங்கின் உடலைப் படிக்கப் பழக வேண்டும்.

மின்னேரியவுக்குச் சென்றபோது எங்களுடன் வந்த வழிகாட்டி ஒரு சிங்கள ஐயா. தெரிந்த தமிழில் அவர் சொன்ன ஒரு விடயம் எனக்கு எந்தப் புத்தகத்தையும் விட உதவியது. "மகள், கமராவப் பாக்க வேணாம். காதப் பாருங்க. காது ஆடுது, வாய் சாப்பிடுது எண்டா ஒண்டும் பயமில்ல. ரெண்டும் நிண்டா நாங்க போறம்."

காதுகளை மெல்ல வீசிக்கொண்டிருப்பது யானை தன் உடற்சூட்டைத் தணிக்கும் முறை. அது அமைதியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறி உண்பதும் அவ்வாறே. காது அசைவு திடீரென நின்று, மெல்லுவதும் நின்றால், யானை எம்மைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. தும்பிக்கையை எம் பக்கமாக உயர்த்தினால் மோப்பம் பிடிக்கிறது. யானைக்குப் பார்வை அவ்வளவு கூர்மையில்லை. மோப்பமும் செவிப்புலனும் மிகக் கூர்மையானவை.

அடுத்த கட்டத்தில் தலையை உயர்த்தி, காதுகளை இரு புறமும் அகல விரித்து, வாலை விறைப்பாக நீட்டி நிற்கும். முன்காலால் மண்ணை உதைக்கும், அல்லது ஒரு காலைத் தூக்கி ஊஞ்சல் போல ஆட்டும். இது எச்சரிக்கை. பிளிறிக்கொண்டு சில அடிகள் ஓடிவந்து சட்டென நிற்பதும் உண்டு. இது பொய்ப் பாய்ச்சல் எனப்படும். தும்பிக்கையை உள்ளே சுருட்டி, காதுகளைப் பின்னுக்கு ஒடுக்கி, சத்தமின்றி நேராக வந்தால் அது உண்மைப் பாய்ச்சலாக இருக்கக் கூடும். எது பொய், எது உண்மை என்று பார்த்துக்கொண்டிருப்பது எம் வேலையல்ல. முதலாவது எச்சரிக்கையிலேயே நகர்ந்துவிட வேண்டும்.

இரண்டு வகை யானைகளிடம் இன்னும் கூடுதலான கவனம் தேவை. ஒன்று குட்டியுடன் நிற்கும் தாய். குட்டிக்கும் தாய்க்கும் இடையே வாகனம் நுழைந்தால் அந்தக் கூட்டம் முழுவதுமே எமக்கு எதிராகத் திரும்பும். மற்றையது மதம் கொண்ட ஆண் யானை. கண்ணுக்கும் காதுக்கும் இடையில் கன்னத்தில் கறுப்புக் கோடாக மதநீர் வழிந்திருக்கும், பின்கால்கள் சிறுநீரால் நனைந்திருக்கும். எங்கள் நாட்டு ஆண் யானைகளில் மிகப் பெரும்பான்மைக்குத் தந்தம் கிடையாது. ஆகவே தந்தமில்லாத அலியனைப் பெண் யானை என்று எண்ணி ஏமாறக் கூடாது.

எட்ட நின்று கிட்ட எடுத்தல்

இனி எமது கைத்தொழிலுக்கு வருவோம். பெரிய கமரா இல்லாதவர்களும் பயன்படுத்தக்கூடிய வழிகளையே பெரும்பாலும் சொல்கின்றேன்.

தொலைபேசியில் விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுப்பதுதான். விவரம் கூடாது, படம் மங்கும். இதற்குப் பதிலாக 8 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் அதன் ஒரு கண்வில்லையில் தொலைபேசியின் வில்லையைப் பொருத்திப் பிடியுங்கள். 26 மில்லிமீற்றர் வில்லை எட்டு மடங்காகி 208 மில்லிமீற்றர் வில்லையின் வேலையைச் செய்யும். படத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம் தெரிந்தால் சிறிது பெரிதாக்கினால் மறைந்துவிடும். கை நடுங்காதிருக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும். வீட்டு முற்றத்தில் காகத்தை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

கமரா வைத்திருப்போர் 70 முதல் 300 வரையான சாதாரண வில்லையையே பயன்படுத்தலாம். ஆரம்பநிலைக் கமராக்களில் உணரியின் அளவு சிறியது என்பதால் அந்த 300 ஏறத்தாழ 450 மில்லிமீற்றருக்குச் சமமான தோற்றத்தைத் தரும். 50 மீற்றருக்கு அது தாராளம்.

நீண்ட வில்லையில் சிறிய அசைவும் படத்தைக் கெடுக்கும். ஆகவே ஷட்டர் வேகத்தை 1/800 விநாடி அல்லது அதை விட விரைவாக வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை உயர்த்துங்கள். சிறிது புள்ளி விழுந்த படம் கலங்கிய படத்தை விட மேலானது. பழைய தலையணை உறை ஒன்றில் பயறு அல்லது மணலை அரைவாசிக்கு நிரப்பித் தைத்து ஜீப்பின் விளிம்பில் வைத்தால் அது முக்காலியின் வேலையைச் செய்யும். யானையின் கண்ணிலேயே குவியுங்கள். பிளாஷை முற்றாக நிறுத்திவிடுங்கள். தொலைபேசியின் 'கிளிக்' ஓசையையும் நிறுத்திவிடுங்கள்.

வெளிர் நிறமும் பளபளப்பும் இல்லாத ஆடை நல்லது. முந்தானை முனைகளைச் செருகிக்கொண்டால் காற்றில் படபடத்து விலங்கின் கவனத்தை ஈர்க்காது, வில்லைக்கு முன்னாலும் விழாது. வெளிச்சம் மிக அழகாக இருப்பது அதிகாலையிலும் மாலையிலும்தான். ஸுபஹுத் தொழுகையை முடித்துவிட்டுப் புறப்பட்டால் பூங்கா வாசல் திறக்கும் 6 மணிக்கு நிற்கலாம்.

இன்னொன்றையும் அனுபவத்தில் கண்டேன். யானை மட்டுமே படம் முழுவதும் நிறைந்திருக்கும் படங்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. மின்னேரியக் குளத்தை மகாசேன மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் கட்டினான். ஜூலை முதல் ஒக்டோபர் வரை நீர் வற்றும்போது வெளிப்படும் இளம்புல்லை நாடி அங்கே சில நாட்களில் முந்நூறு வரையான யானைகள் கூடுகின்றன. அந்தக் குளமும், மலையும், யானையின் காலடியில் நடக்கும் கொக்குகளும் சேர்ந்த படம் யானை எங்கே எப்படி வாழ்கிறது என்பதையும் சொல்கிறது. அதற்கு நீண்ட வில்லைகூடத் தேவையில்லை. தொலைபேசியின் அகன்ற வில்லை மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை அது. மிக நெருங்கிப்போய் எடுத்த படங்களிலோ காதை விரித்துக் கலவரப்பட்ட யானைதான் இருக்கும். எம்மைக் கண்டு அஞ்சிய யானையை யானையின் இயல்பென்று காட்டுவது உண்மையாகாது.

செல்பியும் மின்வேலியும்

சென்ற விடுமுறையில் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. மூன்று பெண் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களின் தோளுக்குப் பின்னால், மின்சார வேலிக்கு அப்பால், ஓர் அலியன். அதற்குக் கீழே வரிசையாக இதய அடையாளங்கள். நான் அந்த யானையின் காதுகளைப் பார்த்தேன். அவை அசையவில்லை, விரிந்து நின்றன.

விலங்குடன் எடுக்கும் படங்களில் செல்பியே மிக மோசமானது. முதலாவது, நாம் விலங்குக்கு முதுகைக் காட்டுகிறோம். இரண்டாவது, முன்கமராவும் அகன்ற வில்லை என்பதால் யானை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அது எம் தோளுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். மூன்றாவது, எமது கண் முழுவதும் எமது முகத்திலேயே இருக்கிறது.

மின்வேலியைச் சிலர் மதில் போல நம்புகிறார்கள். அந்தக் கம்பியில் விட்டுவிட்டுப் பாயும் மின் அதிர்ச்சி யானைக்கு வலியைத் தருமே தவிர அதனைத் தாங்கி நிறுத்தும் பலம் கம்பிக்கு இல்லை. வேலித் தூண்களைத் தள்ளி வீழ்த்தக் கற்றுக்கொண்ட யானைகள் பல உண்டு.

படத்துக்காக உணவு கொடுப்பது இதை விடக் கொடியது. வாழைப்பழமும் சோளமும் கொடுத்துப் பழக்கிய யானை வீதியை மறிக்கும். புத்தல – கதிர்காமப் பாதையில் இது பலகாலமாக நடக்கிறது. கொடுக்காத வாகனத்தின் கண்ணாடிக்குள் தும்பிக்கை நுழைகிறது. ஒருவர் காயப்பட்டால் குற்றம் யானையின் மேல் விழும். பழக்கியவர் வீட்டில் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் மாவட்டத்திலேயே ஒலுவில், பள்ளக்காடுப் பகுதிகளின் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்று மாண்டன. யாழ்ப்பாணத்துப் புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் அங்கு எடுத்த படங்கள் 2020இல் உலகின் கவனத்தை எமது ஊர்ப் பக்கம் திருப்பின. ஒரு படத்தால் விலங்குக்கு நன்மை செய்யவும் முடியும் என்பதற்கு அது சான்று.

யானை மட்டுமல்ல

யாலவில் சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி பரவியதும் ஜீப்புகள் வரிசையாக ஓடிவந்து பாதையை அடைத்துவிடும். சிறுத்தைக்கும் வழியில்லை, எமக்கும் வழியில்லை. அந்த வரிசையில் சேராமல் சற்றுத் தள்ளிக் காத்திருப்பவருக்குக் கூட்டம் கலைந்த பின்னர் நல்ல படம் கிடைப்பதுண்டு. பாலைப் பழமும் வீரைப் பழமும் பழுக்கும் காலத்தில் கரடிகள் மரத்தடிக்கு வரும். கரடி திடுக்கிட்டால் ஓடுவதை விடத் தாக்குவதையே தெரிவு செய்யும். குளக்கரையில் தாழ்வாகக் குந்திப் படம் எடுப்பது அழகான கோணம்தான். ஆனால் எமது குளங்களிலும் களப்புகளிலும் முதலைகள் உண்டு. நீரின் விளிம்பில் குனிந்திருப்பவரை அவை இரையாகவே பார்க்கும். தனித்து நிற்கும் காட்டெருமையையும் சாதாரண எருமை என்று எண்ணி நெருங்கக் கூடாது.

உண்மையிலேயே மிக நெருக்கமான படம் வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. அங்கே மனிதர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உடல் வெப்பத்தை உணர்ந்து தானாக இயங்கும் பொறிக் கமராக்களை ஆய்வாளர்கள் மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். சிறுத்தைகளை அவற்றின் புள்ளிகளால் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணுவதும் அத்தகைய படங்களைக் கொண்டுதான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பெற்றோர்களே, பிள்ளைகளுடன் சுற்றுலா செல்லும்போது சாரதியிடம் "இன்னும் கிட்டப் போங்க" என்று கேட்காதீர்கள். கிட்டப் போன சாரதிக்குக் கூடுதல் சந்தோசம் கொடுத்தால், நாளைக்கு வருபவர்களையும் அவர் அதே இடத்துக்குக் கொண்டுசெல்வார். "தூரமாக நிறுத்துங்கள், வெளியேற வழி வைத்து நிறுத்துங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிரப் பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு இறங்குவது சட்டவிரோதம். கை, தலை ஆகியவற்றை வெளியே நீட்ட விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: யானையைக் கண்டதும் கத்துவதில்லை, கை தட்டுவதில்லை.

வீதியில் யானை குறுக்கிட்டால் ஹோர்ன் அடிக்காமல், விளக்கைப் பளிச்சிடாமல், தூரத்திலேயே நிறுத்தி அது கடந்து போகும் வரை பொறுத்திருங்கள். ஊருக்குள் யானை வந்தால் வேடிக்கை பார்க்கவும் வீடியோ எடுக்கவும் கூடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். கூட்டம் கூடினால் யானை திரும்பிப் போகும் வழியை நாமே அடைத்தவர்களாவோம்.

தோழியரே, உயிர் எமக்கு அமானிதமாகத் தரப்பட்டது. அந்த விலங்கின் உயிரும் அவ்வாறே. அடுத்த தடவை யானையுடன் எடுத்த படம் ஒன்று உங்கள் தொலைபேசிக்கு வந்தால், இதய அடையாளம் அனுப்புவதற்கு முன்னர் யானையின் காதுகளைப் பாருங்கள். அவை விரிந்து நின்றால், அந்தப் படத்தை அனுப்பியவருக்கு ஒரு கேள்வியை அனுப்புங்கள்: "நீ எத்தனை மீற்றர் தூரத்தில் நின்றாய்?"